பூட்டுப் போட்ட தண்ணீர்

போன சனிக்கிழமை முந்தலில் நடந்த நம் சபைத் தொண்டர் பயிற்சிக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். நன்றி, வந்தேன். பதாகையைக் கட்ட ஒரு குழு, அது கோணலாக இருக்கிறதா என்று தூர நின்று பார்க்க இன்னொரு குழு. பிறகு நீல டீசேட் போட்டவர்கள் எல்லாரும் நின்று படம் எடுத்தீர்கள். டீசேட் கிடைக்காதவர்களுக்குக் கோபம் வந்தது. அவர்களைச் சமாதானப்படுத்தி, பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, கேக்கும் தேத்தண்ணியும் கொடுத்து முடிந்தபோது என் கைக்கு மைக் வந்தது. "கொஞ்சம் சுருக்கமா, மிஸ்" என்று காதில் சொன்னீர்கள். நானும் சுருக்கமாக வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வந்ததை இப்போது எழுதுகிறேன், இதற்குப் பதாகை தேவையில்லை.

தேத்தண்ணி நேரத்தில் நான் வெளியே போனேன். மண்டபத்துக்குப் பக்கத்துப் பாலர் பாடசாலையில் நீங்கள் கட்டிய புதுக் கழிப்பறையைப் பார்த்தேன். வடிவாகத்தான் கட்டியிருக்கிறீர்கள். கதவில் ஆமைப்பூட்டு, பூட்டுக்கு மேலே "திறப்பு விழா வரை பாவிக்க வேண்டாம்" என்று ஒரு காகிதம். சனிக்கிழமையும் வகுப்பு நடந்ததால் ஒரு சின்னப் பெண் வேலிக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தது. என்ன இது என்று உங்களில் ஒருவரைக் கேட்டேன். அவர் பெருமையோடு, "தலைவர் ஐயா கொழும்பில இருந்து வந்து திறந்து வைக்கிறார், மிஸ். அநேகமா அடுத்த மாசம்" என்றார். அடுத்த மாதம் வரை அந்தப் பிள்ளைகளுக்கு மூத்திரம் வராது என்று யார் உங்களுக்கு உறுதி தந்தார்களோ தெரியவில்லை.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய இந்தச் சின்ன லூத்தரன் சபையின் சமூகப் பணியை நான் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை பார்த்தேன். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பஸ்ஸிலும் ட்ரக்டரிலும் மீன் லொறியிலும் அலைந்திருக்கிறேன். பெரிய சபைகள் செய்யும் பிழைகள் எல்லாவற்றையும் சின்னச் சபையாக இருந்துகொண்டே நாம் செய்திருக்கிறோம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்றவற்றைச் சொன்னால் நீங்கள் டீசேட்டைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

மாம்புரிப் பக்கம் ஒரு குடியிருப்பு. தொண்ணூறில், யுத்த காலத்தில், மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள். ஓலைக் கொட்டில் போட்டு, பிறகு கல் வீடு கட்டி, பேரப்பிள்ளைகள் கண்டவர்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் வர வர உப்பாகிப் போனது. ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு யோசிக்கும். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும், வராமலும் இருக்கும். இதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டுச் சபை ஒன்று பணம் அனுப்பியது. நாம் ஒரு பில்டர் இயந்திரம் வாங்கி, தாங்கி வைத்து, நாலு குழாய் போட்ட சின்ன அறை கட்டினோம். இயந்திரம் ஓடியது. தண்ணீரைச் சோதித்தார்கள், குடிக்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் ஒருவரிலும் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து வந்த குழுக் கூட்டத்தில்தான் புத்தி மேயப் போனது. எங்கள் செயலாளர் வங்கி முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர். அவர் வீட்டில் பூனைகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும். அவர் எழுந்து, "பிரதிஷ்டை பண்ணாமல் ஒருத்தரும் பாவிக்கக் கூடாது. முதல் தண்ணி விருந்தினர் கையாலதான் வரோணும். அதைத்தான் நாங்கள் படம் பிடிச்சு அனுப்போணும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை, என் தலையை அங்கே யாரும் எண்ணுவதும் இல்லை. குழாய் அறைக்கு இரும்புக் கேற் போட்டு, ஆமைப்பூட்டுப் போட்டு, பூட்டின் திறப்பைச் செயலாளர் தன் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

பணம் அனுப்பிய சபையிலிருந்து வரவேண்டிய விருந்தினர் வரவில்லை. முதலில் அவர்களில் ஒருவருக்குச் சுகமில்லை. பிறகு விசாவில் ஏதோ தடங்கல். பிறகு அவர்கள் ஊரில் பண்டிகைக் காலம். திகதி தள்ளிப் போகப் போக, வெயிலும் ஏறிக்கொண்டே போனது. தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தது. அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் குடிக்கும் சனம் இருந்தது.

நாங்கள் லூத்தரன்கள். ஞானோபதேச வகுப்பில் பல்லு விழாத பிள்ளைக்கே என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? கடவுளின் கிருபை இலவசம், நாம் ஒன்றும் செய்ய முன்னமே அது வந்துவிட்டது, அதற்கு முன் நாம் நல்லவராகவோ வரிசையில் நிற்கவோ தேவையில்லை என்று. திடப்படுத்தல் அன்று பிள்ளை அதை மனப்பாடமாக ஒப்புவித்தால் செயலாளர் கண் கலங்குவார். ஞாயிற்றுக்கிழமை கிருபை இலவசம், திங்கட்கிழமை குழாய்க்குப் பூட்டு. இதைக் கூட்டத்தில் சொன்னேன். "மிஸ், அது வேறை, இது வேறை" என்றார்கள். என் சேவைக்காலம் முழுக்க நான் அதிகம் கேட்ட வசனம் அதுதான்.

இனி நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பூட்டைக் காவல் காத்தது நாங்கள் இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த காசிம் நானா என்ற வயதானவர், தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து குழாய் அறைக்குப் பக்கத்து வேம்பின் கீழ் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் கேற்றில் தொங்கினால் அதட்டுவார். நான் போய், "நானா, நீங்கள் ஏன் இதைக் காக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்கட ஐயாமார் வந்து துஆ ஓதித்தானே திறக்கோணும், மிஸ். உங்கட மார்க்கத்தில அப்படி ஒரு முறை இருக்கக்குள்ள, நாங்க முந்திக்கிட்டுத் தொடுறது சரியில்லயே" என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒரு முறையே இல்லை. எங்கள் செயலாளரின் கமராவில்தான் இருந்தது. தாகத்தோடு இருக்கிற மனிதர் எங்கள் பவுசுக்கு மார்க்கம் என்று பேர் வைத்து, அதற்கு மரியாதையும் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைச் செயலாளரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, அவங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஓம் எண்டுதானே சொல்லீனம்" என்றார். பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். வேறு ஊரில் நிலம் கேட்டு, வேறு ஆட்களிடம் பள்ளிக்கூடம் கேட்டு, முப்பது வருடமாக எல்லாவற்றையும் கேட்டே வாங்கிய சனம் கொடுக்க வருகிறவனிடம் ஓம் என்றுதான் சொல்லும். அதை வைத்து அவர்களுக்குச் சம்மதம் என்று அறிக்கை எழுதுகிறவன் மடையன்.

குழாய் அறைக்கு நேர் எதிரே, தகர வேலி போட்ட வீட்டில் பரீனா இருந்தாள். புருசன் கட்டாரில். வீட்டில் தாயும், இறந்துபோன அக்காவின் மூன்று பிள்ளைகளும். பரீனாவுக்கு அது முதல் பிள்ளை, வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ஒருநாள் கிளினிக்கிலிருந்து வந்த மிட்வைஃப் மிஸ்ஸி என்னை வழியில் நிறுத்தினார். "அந்தப் பிள்ளைக்குப் பிரஷர் ஏறுது. கால் வீங்கியிருக்கு. இந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்க வேணாம், சோறும் ஆக்க வேணாம் எண்டு சொல்லியிருக்கன். முன்னுக்கு இவ்வளவு பெரிய தாங்கி நிக்குது, அது என்ன, அலங்காரத்துக்கா?" என்று கேட்டார். உண்மையான பதில் ஓம் என்பதுதான்.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் முன் விறாந்தையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"திறப்பைத் தாங்கோ" என்றேன்.

"எதுக்கு?"

சொன்னேன். அவர் மனம் வருந்தினார். அவர் கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள், வருந்துவதில் அவருக்கு நல்ல பழக்கம்.

"பாவம்தான். ஆனால் ஒருத்தருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கோணும், மிஸ்."

"அதுக்குத்தானே நாலு குழாய் போட்டது?"

"குழுவின்ர முடிவை நான் தனிய மாத்தேலாது. ஒண்டு செய்யுங்கோ. அந்தப் பிள்ளைக்குப் போத்தல் தண்ணி வாங்கிக் குடுங்கோ. சபைக் கணக்கில போடுவம்."

போதகரிடம் போனேன். அவர் இளம் ஆள், செயலாளருக்குப் பயம். "இதை ஜெபத்தில வைப்போம், மிஸ்" என்றார். ஜெபத்தில் வைக்கிறோம் என்று நம் சபையில் சொன்னால் அலுமாரியில் வைக்கிறோம் என்று அர்த்தம்.

சரி என்று போத்தல் தண்ணீரும் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த தடவை போனபோது அந்தத் தண்ணீரில் அக்காவின் பிள்ளைகள் மூன்றும் குடித்துக்கொண்டிருந்தன. பரீனா அடுப்படியில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்து கிடந்தது.

"என்ன பிள்ளை இது?" என்று சத்தம் போட்டேன்.

"அதுகள் பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள நான் மட்டும் எப்பிடி மிஸ் குடிக்கிறது? தலைதான் கொஞ்சம் இடிக்குது. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. வேற ஒண்டுமில்ல" என்றாள்.

அது பிரஷர் கூடி வலிப்பில் முடியக்கூடிய அறிகுறி என்று எனக்கு ஓரளவு தெரியும். முதல் வேலையாக ஒரு த்ரீவீல் பிடித்து அவளைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினேன். அங்கே வார்ட்டில் மறித்து வைத்து, மருந்து கொடுத்து, சில நாள் கழித்து, வீட்டில் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி விடப்போவதாகச் சொன்னார்கள். வீடு என்றால் அந்தக் கிணறுதான். அவள் திரும்பி வரும் அன்று காலை நான் மாம்புரிக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள், எனக்கு ஆத்திரம் தலைக்கு மேல் ஏறியிருந்தது.

"நானா, எங்கட மார்க்கத்தில இப்படி ஒரு சட்டமும் இல்லை. பூட்டை உடைக்கப் போறன்" என்றேன்.

காசிம் நானா கதிரையிலிருந்து எழும்பினார். "எங்கட பொடியன்மாரக் கூப்பிட மாட்டன் மிஸ். அகதி எண்டு வந்து, எப்பிடியோ மரியாதையா இருக்கிறம். நாளைக்கு ஒரு கதை வந்தா, சேர்ச்சுப் பூட்ட உடைச்ச ஆக்கள் எண்டுதான் ஊரெல்லாம் சொல்லும்" என்றார்.

"உங்களை உடைக்கச் சொல்லேல்லை. ஒரு அலவாங்கு தாங்கோ, போதும்."

அவர் வீட்டுக்குள் போய் அந்த நீள இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். "இது தென்னம்பிள்ளைக்குக் குழி தோண்டுற சாமான். நீங்க அதால என்ன செய்யுறீங்க எண்டு நான் பாக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுக் களப்புத் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து, குடத்தோடு கிணற்றடிக்கு வந்த பெண்களும் திரும்பினார்கள். பிள்ளைகளையும் தோளில் பிடித்துத் திருப்பினார்கள். ஒரு குடியிருப்பே எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, அங்கே ஒன்றுமே இல்லாத களப்பை உற்றுப் பார்த்தது. நான் அலவாங்கைப் பூட்டின் வளையத்துக்குள் விட்டு நெம்பினேன். லேசில் விடவில்லை. செயலாளர் நல்ல பூட்டாகப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். கடைசியில் வளையத்தோடு கேற்றின் கொண்டியும் பிய்த்துக்கொண்டு வந்தது.

"உங்கட துஆவ ஓதிருங்க, மிஸ்" என்றார் காசிம் நானா, திரும்பாமலே.

"ஆண்டவரே, இது உம்முடைய தண்ணீர். பிந்தியதற்கு மன்னியும்" என்றேன். அவ்வளவுதான் பிரதிஷ்டை. "ஆமீன்" என்றார் அவர். குழாயைத் திறந்த சத்தம் கேட்டதும் எல்லாரும் திரும்பினார்கள். முதல் குடம் பரீனாவின் வீட்டுக்குப் போனது. அவள் வந்து இறங்கும்போது அடுப்பில் அந்தத் தண்ணீரில் சோறு வெந்துகொண்டிருந்தது.

உடைந்த பூட்டை அன்றைக்கே கொண்டுபோய்ச் செயலாளரின் மேசையில் வைத்தேன். பிழை செய்தவர்கள் ஒளிப்பார்கள், எனக்கு ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவர் முகம் வெளிறிப் போனது. குழு கூடியது, என்னிடம் விளக்கம் கேட்டது, எனக்குப் பணிவு காணாது என்று பதிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எடுத்த முடிவைக் கேட்டால் சிரிப்பீர்கள். சனம் தண்ணீர் எடுக்கலாம், ஆனால் வெளியில் மூச்சு விடக்கூடாது. விழா நெருங்கும்போது குடம் வாளி எல்லாவற்றையும் மறைத்து, நிலத்தைக் காய வைத்து, புதுப் பூட்டுப் போட்டு, அன்றைக்குத்தான் முதல் தண்ணீர் வருகிறது என்று எல்லாரும் காட்டிக்கொள்ள வேண்டும். காசிம் நானாவிடம் கேட்டார்கள். அவர் வழமை போல ஓம் என்றார்.

பரீனாவுக்குப் பிள்ளை நாள் முந்திப் பிறந்தது. பெண் பிள்ளை. எடை குறைவுதான், ஆனால் அழுகைக்குக் குறைவில்லை. அந்தத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தும் டொக்டர்மாரும் இருந்தார்கள். உப்புத் தண்ணீரை விட்டது நல்லது என்று மட்டும் மிட்வைஃப் மிஸ்ஸி சொன்னார். தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகுதான் விருந்தினரின் திகதி உறுதியானது. அது நோன்பு மாதத்தில் விழுந்தது.

நோன்பு என்று சொன்னேன். "காலையில சுறுக்கா முடிச்சிடுவம்" என்றார்கள். நம் விழா எது காலையில் முடிந்திருக்கிறது? விருந்தினர் வர உச்சி வெயில். கூடாரம், மாலை, வரவேற்புரை, அதற்கு நன்றியுரை, பிறகு இன்னொரு வரவேற்புரை. நோன்பு பிடித்து நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்த சனத்துக்கு முன்னால் மேடையில் இருந்தவர்களுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வெட்கம் கெட்டு எங்கள் ஆட்கள் அதை உறிஞ்சிக் குடித்தார்கள் என்று எழுத எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் குடித்தார்கள்.

விருந்தினரில் மூத்தவர் ஒரு வயதான பெண்மணி. நாடா வெட்டினார், பூட்டைத் திறந்தார், குழாயைத் திருகினார். தண்ணீர் கொட்டியது. எல்லாரும் கை தட்டினார்கள், ஏற்கெனவே அந்தத் தண்ணீரைக் குடித்து வந்த சனமும் நன்றாகவே தட்டியது. அவர் ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து, சிரித்துக்கொண்டு காசிம் நானாவிடம் நீட்டினார். கமராக்காரன் முழந்தாள் போட்டான். செயலாளர் பின்னால் நின்று, "குடியுங்கோ நானா, ஒரு மிடறு, படத்துக்கு" என்று கிசுகிசுத்தார்.

காசிம் நானா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் பெண்மணியை நோகடிக்கவும் மனமில்லை, நோன்பை விடவும் முடியாது. கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் முழுக்க அந்தக் கிளாஸைத்தான் பார்த்தது. பிறகு அவர் என்னிடம் திரும்பி, "மிஸ், இது நோன்பில்லாத ஆளுக்குச் சேரோணும். பரீனாவுக்குப் பிள்ள பெத்து நாப்பது கழியல்ல. நீங்களே கொண்டு போய்க் குடுத்திருங்க" என்றார்.

கிளாஸோடு நான் நடந்தேன். விருந்தினரும் கமராவும் செயலாளரும் என் பின்னால் வந்து தகர வேலியடியில் நின்றார்கள். வாசல் திரைக்குள்ளால் கிளாஸை நீட்டினேன். வெளியில் நடக்கிற நாடகத்தைப் பற்றி அந்த அறைக்குள் யாரும் போய்ச் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் குடிக்கிற சத்தம் கேட்டது.

"எப்பிடி மகள், தண்ணி எப்பிடி?" என்று செயலாளர் வேலிக்கு வெளியே நின்று உரக்கக் கேட்டார்.

"நேத்து மாதிரித்தான் இருக்கு" என்றாள் பரீனா.

பரீனா என்ன சொல்கிறாள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். செயலாளர் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், "மிகவும் இனிப்பாக இருக்கிறதாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெண்மணி அதோடு விடவில்லை, என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன். நேற்றுப் போலவே இருக்கிறது என்கிறாள், பிள்ளை பிறக்க முன்னிருந்தே இதைத்தான் குடிக்கிறாள் என்றேன். நாங்கள் உங்களுக்காகப் பூட்டி வைத்திருந்தோம், நான்தான் உடைத்தேன் என்றும் சொன்னேன்.

பெண்மணி கோபிப்பார் என்று செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கோபிக்கத்தான் செய்தார். "எங்களுக்காகவா? எங்களுக்காகக் காத்திருக்கச் சொல்லி உங்களிடம் யார் கேட்டது?" என்றார். யாரும் கேட்கவில்லை. அவ்வளவு மாதமும், அந்த வீங்கிய காலும், அந்தத் தலையிடியும், ஒருவரும் கேட்காத ஒன்றுக்காக. அந்தப் பெண்மணி மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெளியே காய்ந்துகொண்டிருந்த பிள்ளையின் துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குழாய் அறைச் சுவரில் இன்றைக்கும் கறுப்புக் கல் இருக்கிறது. இன்னாரால் இந்தத் திகதியில் திறந்து வைக்கப்பட்டது என்று தங்க எழுத்தில் வெட்டியிருக்கிறது. பரீனாவின் மகள் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். போன முறை போனபோது அதை வாசித்துக் காட்டினாள். பிறகு விரலை மடக்கி யோசித்துவிட்டு, "அப்ப நான் பொறக்கக்குள்ள தண்ணி இல்லயா, மிஸ்?" என்று கேட்டாள்.

நான் ஓய்வு பெற்றபோது சபை ஒரு சுவர்க்கடிகாரம் தந்தது. காசிம் நானா அந்த அலவாங்கைத் துடைத்து எண்ணெய் பூசிக் கொண்டுவந்து தந்தார். கடிகாரம் நின்று கனகாலம். அலவாங்கு என் வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, முந்தலுக்கு பஸ் காலையிலேயே உண்டு. திங்கட்கிழமை பாலர் பாடசாலை தொடங்க முன் அந்தக் கழிப்பறைத் திறப்பை ரீச்சர் கையில் கொடுத்துவிடுங்கள்.